எழுந்திருக்க விடாத வேலை

"உட்கார்ந்தே இருப்பது புகைபிடிப்பதற்குச் சமம்" என்ற வாசகம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகைச் சுற்றி வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் உடல் அசைவை ஆராய்ந்த மருத்துவர் ஜேம்ஸ் லெவினின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. பிறகு சாய்வு நாற்காலி விற்பவர் முதல் யோகா வகுப்பு நடத்துபவர் வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். 2018-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் ஆய்வாளர்கள் சிலர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அகால மரண வாய்ப்பு ஏறத்தாழ பத்து முதல் இருபது சதவீதம் கூடுகிறது. புகைபிடிப்பவருக்கோ அது இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. நுரையீரல் புற்றுநோயில் பத்து மடங்குக்கும் மேல். ஆக, சமமில்லை.

சமமில்லை என்பதால் தள்ளிவிடவும் முடியாது. புகை ஒரு பகுதியினரைத்தான் பிடித்திருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை பாதி நகரத்தைப் பிடித்திருக்கிறது. சிறிய ஆபத்து பெரிய கூட்டத்தின் மேல் விழுந்தால் நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதாகத்தான் இருக்கும்.

இது இன்று கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஆயுர்வேத ஆசான் சரகர், இன்று சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசப்படும் பிரமேகத்துக்குக் காரணங்களை அடுக்கும்போது தயிரையும் புதுத் தானியத்தையும் சொல்வதற்கு முன்பே, சுகமாக உட்கார்ந்திருப்பதையும் சுகமாகத் தூங்குவதையும் சொல்லிவிடுகிறார். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-ல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் தையற்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் தனி அத்தியாயம் உண்டு. குனிந்தே உட்கார்ந்து முதுகு வளைந்துபோனவர்கள் அவர்கள். விடுமுறை நாளிலாவது உடம்பை அசையுங்கள் என்பது அவர் தந்த யோசனை. வாரம் முழுவதும் உட்கார்ந்துவிட்டு ஞாயிறு மட்டும் பாட்மிண்டன் ஆடும் நம் மென்பொருள் பொறியாளர்கள் முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

எண்களோடு பேசிய பெயர்பெற்ற ஆய்வு லண்டன் பேருந்துகளில் நடந்தது. ஜெர்ரி மோரிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1953-ல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே மாடிப் பேருந்து, ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்த ஆண்கள். ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில். நடத்துநர் மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்குச் சுமார் அறுநூறு படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு ஓட்டுநர்களிடம் அதிகமாகவும், வந்தால் கடுமையாகவும் இருந்தது. தபால்காரரையும் தபால் நிலைய எழுத்தரையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத்தான். (நம் சென்னை டவுன் பஸ்ஸில் இந்த ஆய்வை நடத்தியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கும். பின் சீட்டை விட்டு எழாமல், காசையும் டிக்கெட்டையும் பயணிகளின் கைகள் வழியாகவே கடத்திவிடும் நடத்துநரை மோரிஸ் பார்த்ததில்லை.)

இதில் எனக்கு அதிகம் பிடித்தது மோரிஸ் குழுவினரே மூன்று ஆண்டு கழித்துத் தங்கள் முடிவின் மேல் எழுப்பிய சந்தேகம். போக்குவரத்து நிறுவனம் சீருடை தைக்க எடுத்து வைத்திருந்த இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். எந்த வயதுக்காரரை எடுத்தாலும் ஓட்டுநரின் கால்சட்டை நடத்துநருடையதைவிடப் பெரிது. இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞர்களிடமும் அப்படித்தான். வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனான வாகுள்ளவர்கள் அந்த வேலைக்குப் போனார்களா? இந்தக் கேள்வி இந்தத் துறையை இன்றுவரை விடவில்லை. நோயாளி அதிகம் உட்காருகிறாரா, அதிகம் உட்காருபவர் நோயாளி ஆகிறாரா என்பது அதன் இன்னொரு முகம். ஆண்டுக்கணக்கில் ஆட்களைப் பின்தொடரும் எந்த ஆய்வைப் படித்தாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்தும் ஒரு பழைய ஆய்வு உண்டு. அதைச் சொல்பவர்கள் இங்கே குறைவு. மேற்கு வங்கத்தின் செங்கைல் சணல் ஆலையில் 213 ஆண்களின் வேலை, சாப்பாடு, எடை மூன்றையும் ஜீன் மேயரும் அவருடைய வங்காள சகாக்களும் அளந்து 1956-ல் வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர் நிறையச் சாப்பிட்டார், ஒல்லியாக இருந்தார், இதில் வியப்பில்லை. வேலை குறையக் குறையச் சாப்பாடும் குறைந்தது. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே கணக்கு தலைகீழானது. கடையில் உட்கார்ந்தே இருந்தவர், சுமை தூக்குபவருக்குக் குறையாமல் சாப்பிட்டார். எடையில் அவரே முன்னால். ஒரு முறை எடுத்த அளவுதான், வருமானம் வேறு இடையில் நிற்கிறது என்ற குறைகளை ஒப்புக்கொண்டாலும், உடம்பு ஓரளவு அசைந்தால்தான் பசி சரியான கணக்குச் சொல்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் பலம் பெற்றது.

அசையாமை உடம்பை எவ்வளவு விரைவாகக் கெடுக்கும் என்பதற்கு மிகக் கடுமையான சான்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கிடைத்தது. 1966-ல் இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். உடல் உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்களில் ஒருவர்கூட, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை முடிந்த நாளில் இருந்ததைவிட மோசமாக இல்லை. முப்பது ஆண்டு முதுமை செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருந்தது. படுக்கையும் நாற்காலியும் ஒன்றல்லதான். ஆனால் தொடையும் கெண்டைக்காலும் வேலை நிறுத்தம் செய்வது இரண்டிலும் பொது.

உள்ளே நடப்பது இதுதான். சோறு செரித்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வது தசை. உடம்பின் மிகப் பெரிய தசைகள் இடுப்புக்குக் கீழே இருக்கின்றன. நாற்காலியில் சாய்ந்ததும் அவை ஏறக்குறைய அணைந்துவிடுகின்றன. சர்க்கரை உள்ளே போக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பாடம். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே அந்தக் கதவு திறக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாத பாடம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது பெரிய சலுகை. உட்கார்ந்தே இருப்பவர் அந்தச் சலுகையைக் கைவிடுகிறார். கால் ரத்தக் குழாய்களும் சோர்கின்றன. இண்டியானா பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தபோது, தொடைத் தமனியின் விரியும் திறன் முதல் மணி நேரத்திலேயே பாதியளவு குறைந்தது. இடையிடையே ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கவிட்டபோது அது குறையவில்லை.

சிரைகளின் கதை இன்னும் பழையது. 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் லண்டனைக் குண்டு வீசித் தாக்கியபோது, பதுங்கிடங்களில் துணி நாற்காலியில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் விடிந்ததும் எழுந்து நடக்கும்போது சுருண்டு விழுந்து இறந்தார்கள். பிணக்கூறு மருத்துவர் கீத் சிம்ப்சன் காரணத்தைக் கண்டார். நாற்காலியின் முன்கட்டை முழங்காலின் பின்புறம் அழுத்த, காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. அதன் பிறகு பதுங்கிடங்களில் படுக்கைகள் வந்தன. விமானப் பயணத்தோடு சேர்த்துப் பேசப்படும் உறைகட்டி இதுவேதான். அதற்கு விமானம் தேவையில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில், ரயிலில், பேருந்தில் அசையாமல் போனாலும் வாய்ப்பு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. பொதுவாக இது அரிதுதான். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கருவுற்றவர், முன்பு ஒருமுறை உறைகட்டி வந்தவர் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போவது நல்லது.

முதுகுவலியை எல்லோரும் நாற்காலியின் கணக்கில் எழுதுகிறார்கள். அங்கே சான்று எதிர்பார்க்கும் அளவுக்கு உறுதியாக இல்லை. அசையாமல் ஒரே நிலையில் இருப்பது வலியைக் கிளறும். உட்காருவது மட்டுமே முதுகைக் கெடுத்துவிடும் என்று நிறுவப்படவில்லை.

எல்லா உட்காருதலும் ஒன்றுதானா? இல்லை. இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. லண்டனில் அரசு ஊழியர் ஐயாயிரம் பேரைப் பதினாறு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2015-ல் வந்தது. அலுவலகத்தில், வீட்டில், தொலைக்காட்சி முன் என எங்கு உட்கார்ந்ததற்கும் மரணத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் ரயிலுக்கும் பேருந்துக்குமாக நிறைய நடப்பவர்கள். அமெரிக்காவின் ஜாக்சன் நகரக் கறுப்பின மக்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் வந்தது. அதில் தொலைக்காட்சி முன் நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்கு இதயநோய் கூடியது. வேலையில் உட்கார்ந்தவர்களுக்குக் கூடவில்லை. தைவானில் நாலே முக்கால் லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2024-ல் வெளியான ஆய்வோ, வேலையில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மரண வாய்ப்பு 16 சதவீதம் அதிகம் என்றது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது: உட்கார்ந்த நேரத்தின் கூட்டுத்தொகையைவிட, அது எப்போது, எதற்குப் பின், எவ்வளவு நேரம் முறியாமல் நீள்கிறது என்பதே பெரிது. தொலைக்காட்சி நேரம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். நாளின் பெரிய உணவு வயிற்றில், கையில் மிக்சர், அடுத்த அசைவு படுக்கைக்குத்தான். நம் வீடுகளில் ஏழு மணி சீரியலில் தொடங்கி பத்தரை மணிக்குச் சாதம் சாப்பிட்டுப் படுப்பது இதைவிடவும் மோசம்.

தான்சானியாவின் ஹாட்சா மக்களிடமிருந்து வந்த சான்றும் இந்தப் பக்கமே நிற்கிறது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அவர்கள், நாளில் பத்து மணி நேரம் போல ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு கண்டது. நம் அலுவலகக்காரர்களின் கணக்கிலிருந்து அது அதிகம் விலகவில்லை. ஆனால் அவர்கள் ஓய்வில் குந்தி உட்காருகிறார்கள், மண்டியிடுகிறார்கள். அந்த நிலையில் கால் தசை முழுதாக அணைவதில்லை. நாம் ஒரு தலைமுறைக்கு முன்வரை அரிவாள்மணையில் காய் நறுக்கியதும், பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டதும், குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்கியதும் அந்த வகைதான். மேடை அடுப்பும் சாப்பாட்டு மேசையும் மூட்டுவலிக்காரருக்குப் பெரிய உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து எழும் திறன் வீணாகப் போக வேண்டியதில்லை. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான இரண்டாயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். கை ஊன்றியும் முழங்கால் ஊன்றியும் பெரும்பாடுபட்டு எழுந்தவர்களிடம் அடுத்த சில ஆண்டுகளில் மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. தரையில் உட்காருவது ஆயுளைக் கூட்டும் என்று இதற்குப் பொருளல்ல. காலில் வலுவும் இடுப்பில் நெகிழ்வும் இருப்பவருக்கே அது முடிகிறது.

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன், இனி நாள் முழுக்க உட்காரலாமா? இதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி உல்ஃப் எகெலுண்ட் குழு 2016-ல் லான்செட்டில் எழுதியது: தினமும் 60 முதல் 75 நிமிடம் ஓரளவு வேகமான உடலியக்கம் இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண வாய்ப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. தொலைக்காட்சி முன் ஐந்து மணி நேரம் உட்காருபவருக்கு மட்டும் அது முழுதாக மறையவில்லை. இடுப்பில் கருவி கட்டி அளந்த பிந்தைய ஆய்வுகளில் 30, 40 நிமிடமே பெரும் பலன் தந்தது. 2020-ல் உலகச் சுகாதார நிறுவனம் வாரம் 150 முதல் 300 நிமிடம் என்று வைத்தது. உட்காருவதற்கு இத்தனை மணி என்று வரம்பு போட அதனிடம் சான்று போதவில்லை; குறையுங்கள், எந்த அசைவும் கணக்கில் சேரும் என்றதோடு நின்றது. முன்பு பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடையைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விதி போய்விட்டது. நல்லதாயிற்று.

நம்மவர்களுக்கு அந்த 150 நிமிடம் போதுமா என்பது வேறு. பிரிட்டனில் வாழும் தெற்காசியரையும் வெள்ளையரையும் ஒப்பிட்ட கிளாஸ்கோ ஆய்வாளர்கள், வெள்ளையர் 150 நிமிடத்தில் பெறும் பலனைப் பெறத் தெற்காசியருக்கு வாரம் 230 நிமிடம் அளவுக்குத் தேவை என்று கணித்தார்கள். ஒல்லியாகத் தெரியும் உடம்பில் தொப்பை மட்டும் முன்னால் நிற்கும் நம் வாகுக்கு இது பொருந்துகிறது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்னது. அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். 2024-ல் வெளியான உலகக் கணக்கில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பெண்களை நடக்கச் சொல்வது எளிது; எங்கே நடப்பது? சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்பவர்களே சேர்ந்து ஒரு பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர். பின்பு ஐம்பத்தெட்டுக்கு மேல். இத்தனை ஆண்டு அறிவுரை செய்யாததை ஒரு நடைபாதை செய்தது.

இனி நிமிடக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-ல் எடை கூடிய 19 பேரை ஐந்து மணி நேரம் உட்கார வைத்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மெதுவாக நடக்கவிட்டபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-ல் பல இடைவெளிகளைச் சோதித்தது. அரை மணிக்கு ஐந்து நிமிட நடை மட்டுமே சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்தது. ரத்த அழுத்தத்தை எல்லா இடைவேளைகளும் இறக்கின. இரண்டிலும் ஆட்கள் மிகக் குறைவு, அளந்தது சில மணி நேரம். பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதை இவை சொல்லாது. ஆனால் உணவுக்குப் பிந்தைய நடை பற்றிப் பெரும்பாலான ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியும் உண்டபின் குறுநடை சொல்கிறது.

நின்றால் தீருமா என்றால், தீராது. நிற்பதற்கும் உட்காருவதற்கும் செலவாகும் சக்தியில் பெரிய வேறுபாடில்லை. ஆறு மணி நேரம் நின்றால் ஐம்பது சொச்சம் கலோரி, ஓர் இட்லிக்கு ஆகும். கனடாவின் ஒன்டாரியோவில் ஏழாயிரம் தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டு கவனித்தபோது, நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார்ந்து செய்பவர்களைவிட இதயநோய் ஏறத்தாழ இரு மடங்கு. நரம்புச் சுருட்டல் வேறு. அலுவலகங்களில் ஏற்றி இறக்கும் மேசை போட்டால் உட்காரும் நேரம் குறைகிறது என்பது உண்மை. அந்த விலைக்கு மாடிப்படியைத் திறந்து வைப்பது மேல் என்பது என் கருத்து.

நிற்பதன் கொடுமையைத் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தி.நகர் துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே தேயும் பெண்களுக்காக, 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது: எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. ஒரு பக்கம் உட்காராதே என்று மருத்துவர், இன்னொரு பக்கம் உட்கார உரிமை என்று சட்டம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் இருக்கும் பெண்கள் ஷிப்ட் முழுக்க நிற்கிறார்கள். பத்தடி தள்ளி, மெஷின் முன்னால் டெய்லர்கள் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இருவர் காலும் வீங்குகிறது. இருவருக்கும் உடம்பின் நிலையை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு மேலே சூப்பர்வைசர் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கே அவரை எழவிடாது. கால் சென்டர் ஊழியர் எழுந்து போன நிமிடத்தைக் கணினி குறித்துக்கொள்கிறது.

ஆகவே "அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்" என்ற அறிவுரை, தன் நேரத்துக்குத் தானே எஜமானாக இருப்பவருக்கு மட்டும் செல்லும். அவர் இதைச் செய்யலாம்: மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடை, போனில் பேசும்போது நடை, எழ முடியாத கூட்டத்தில் குதிகாலைத் தூக்கி இறக்கிக் கெண்டைக்காலுக்கு வேலை, இவற்றோடு வேர்க்கும் அளவுக்கு வேக நடை தினமும் அரை மணிக்குக் குறையாமல். சர்க்கரைக்கு ஊசி போடுபவரும் இதயநோய் உள்ளவரும் வேகத்தை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

மற்றவர்களுக்கு அறிவுரை பயன்படாது, விதிதான் பயன்படும். நிற்பவர் உட்காரச் சட்டம் வந்துவிட்டது. உட்கார்ந்தே வேலை செய்பவர் மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்து நடப்பதையும் தொழிலாளர் துறை எழுத்தில் சேர்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை டார்கெட்டிலும் கூலியிலும் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சில் இதைக் கேட்கட்டும்.